இரும்பைக் கொடுத்தவன் எழுதுவது

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று உன் அம்மா நேற்றே சொல்லிவிட்டாள். காலையில் என்ன சாப்பிட்டாய், சளி குறைந்ததா, அந்தத் தீவில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வாய்வழியாக வந்ததுதான். அவள் சொல்ல மறந்தது எனக்குக் கிடையாது. அவள் தப்பாகப் புரிந்துகொண்டதைத்தான் நானும் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறேன். அதனால் இந்த ஒரு தடவை, நடுவில் ஆள் இல்லாமல் அப்பாவே நேராக உனக்கே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய் வராது. வடகோடிக்கு நீ புறப்பட்டபோது அம்மா தைத்துக் கொடுத்தாளே ஒரு பஞ்சுச் சட்டை, அதன் மடிப்புக்குள் ஓர் இரும்புத் துண்டு இருந்ததே, உன் அளவைகளையெல்லாம் கெடுத்ததே, பிறகு அதைக் கேட்டு உங்கள் ஆராய்ச்சி நிலையமே சிரித்ததே, அந்த இரும்பைக் கொடுத்தவன் நான். அவள் தைத்தாள், அவ்வளவுதான். நீங்கள் எல்லாரும் அவளைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது உன்னைப் பார்க்க வர விமான டிக்கெட்டும் அவள் பெயருக்கு வந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது தம்பி. இதற்கு வேறு மரியாதையான சொல் இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன், எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். அம்மா பக்கத்து வீட்டு செல்வியுடன் ரிங்லெட் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள், உனக்கு நெத்திலிக் கருவாடு வாங்க. நாளை மறுநாள் காலையில் தானா ராத்தாவில் பஸ் ஏறுகிறாள். கூடத்தில் அவள் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அதற்குள் தேயிலைத்தூள், முறுக்கு, ஊறுகாய், உனக்கு இரண்டு பனியன், உன்னோடு வேலை செய்கிற அந்த ஆர்னேவுக்கு ஒரு பூப்போட்ட பாத்திக் சட்டை. ஆர்னேவுக்குச் சட்டை வாங்க பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் தெரியுமா? என்ன நிறம் அவருக்குப் பிடிக்கும் என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவள் கேட்டே பல காலம் ஆகிவிட்டது.

உன் வேலையைப் பற்றி நான் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ என்னிடம் சொன்னதே இல்லை. எல்லாம் ஒட்டுக்கேட்டதுதான். நீ வீடியோவில் வரும்போது அம்மா போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு சமைத்துக்கொண்டே பேசுவாள். நான் பின்பக்க வாசலில் வேலைக்குப் போட்டுப் போகும் சப்பாத்தைத் துடைப்பதுபோல் நிற்பேன். பூமியே ஒரு பெரிய காந்தம், அதன் பலம் ஒரே மாதிரி நிற்பதில்லை, சூரியனிலிருந்து ஏதோ காற்று மாதிரி வந்து மோதும்போது அது அலைகிறது, அந்த அலைச்சல் நம் ஊர்ப் பக்கத்தைவிட துருவத்தில்தான் அதிகம், வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடும்போது திசைகாட்டி முள்ளும் கூடவே ஆடும், இவ்வளவும் வாசல்படியில் நின்று கற்றது. அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மா எனக்கு விளக்கம் சொன்னாள். “சூரியனுக்குக் கோவம் வந்தா அங்க காந்த முள்ளுக்கு நடுக்கம் வருதாம். நம்ம தம்பி அதைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கறானாம்.” ஏதோ காய்ச்சல்காரப் பிள்ளையை நீ கவனித்துக்கொள்வதுபோல் சொன்னாள். எனக்கு உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. அவ்வளவு ஆட்டம் ஆடிய முள், எல்லாம் அடங்கிய பிறகு பழைய இடத்துக்கே வந்து நிற்குமா, இல்லை கொஞ்சம் தள்ளி நிற்குமா? அம்மாவிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். அவள் உன்னிடம், அங்கே கோழி கிடைக்கிறதா என்று கேட்டாள்.

நீ சொல்லுவாய், போனை உங்களிடம் கொடுத்தால் நீங்கள்தானே பேசுவதில்லை என்று. ஒப்புக்கொள்கிறேன். “சாப்பிட்டியா?” என்பேன். “சாப்பிட்டேன்பா” என்பாய். “குளிரா?” என்பேன். “குளிருதான்பா” என்பாய். அதற்குமேல் எனக்கு என்ன வரும்? நாளெல்லாம் தேயிலை உருட்டும் இயந்திரங்களுக்கு நடுவில் நிற்கிறவன் நான். அந்தச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது, கையைக் காட்டித்தான் எல்லாம். அங்கே நிற்கும்போது உன்னிடம் சொல்ல எத்தனையோ வரும். வீட்டுக்கு வந்து போன் கைக்கு வந்ததும் ஒன்றும் நிற்காது. ஆனால் நான் “இந்தா அம்மா” என்று சொல்லும்போது நீ ஒரு தடவையாவது, “இருங்கப்பா, அதுக்குள்ள என்ன அவசரம்” என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. நான் போனை நீட்டுவதற்கு முன்பே அங்கே உன் முகம் அம்மாவைத் தேட ஆரம்பித்துவிடும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் தமிழ்ப் பத்திரிகையில் உன் படம் போட்டு, துருவத்தில் ஆராய்ச்சி செய்யும் எஸ்டேட் பையன் என்று எழுதியிருந்தார்கள் அல்லவா? கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி அதை வெட்டி ஆபீஸில் ஒட்டியிருக்கிறார். அதில் நீ அம்மாவுக்கு நன்றி சொல்லியிருந்தாய், பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சருக்கு நன்றி சொல்லியிருந்தாய். நல்லது. எனக்கும் கடைசியில் ஒரு வரி இருந்தது, ‘கடுமையாக உழைத்த என் தந்தை’ என்று. மாடு கூடத்தான் கடுமையாக உழைக்கிறது. உனக்குக் காந்தத்தை முதலில் காட்டியது யார்? டீச்சரா? ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாதபோது உன்னைத் தோளில் உட்கார வைத்துத் தேயிலை சலிக்கிற சலிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போவேனே. தேயிலைத்தூள் ஓடுகிற பட்டைக்கு மேலே கறுப்பாக ஒரு காந்தக் கட்டை தொங்கும். உருட்டும் இயந்திரத்திலிருந்து தேய்ந்து விழுகிற இரும்புப் பொடியை அது இழுத்துக்கொள்ளும். அதைத் துடைத்துச் சுத்தம் செய்வது என் வேலை. நீ அந்தப் பொடியை விரலில் தொட்டு, “அப்பா, இதுக்கு முடி மொளைச்சிருக்கு” என்றாய். அன்றைக்கு வீடு திரும்பும் வரைக்கும் ஒரே கேள்வி. உனக்கு அது ஞாபகம் இருக்காது. சின்னப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அதற்காகப் பத்திரிகைக்காரன் உன்னிடம் கேட்டபோது நான் போய் ஞாபகப்படுத்தவா முடியும்?

இனி இரும்பு விஷயத்துக்கு வருகிறேன். நீ போவதற்கு முன்னால் வீட்டில் வந்து சொன்னாய்: அங்கே ஒரு மரக்குடில் இருக்கிறது, அதில் ஓர் ஆணிகூட இரும்பு கிடையாது, தானாக ஓடும் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று வாரத்தில் சில நாள் ஆள் போய்க் கையால் அளந்து பார்க்க வேண்டும், அப்போது உடம்பில் பொட்டு இரும்பு இருக்கக் கூடாது, ஜிப் வைத்த சட்டை, பெல்ட், சாவி எதுவும் ஆகாது என்று. நீ சொன்னபோது நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். தோட்டத்து ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கும் பிட்டராக வேலை பார்த்து என் நகக்கண்ணிலெல்லாம் இரும்புதான். சோறு பிசைந்தால்கூட இரும்பு மணக்கும் என்று உன் அம்மாவே சொல்லுவாள். என்னைப் போன்ற ஒருவன் வாசலிலேயே நிற்க வேண்டிய இடத்தில்தான் என் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அப்படியெல்லாம் நினைக்கவில்லை. உடனே தையல் மிஷினை இழுத்துப் போட்டாள். பஞ்சு வைத்து, ஜிப் இல்லாமல், பொத்தான் இல்லாமல், துணிக் கயிற்றால் முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு சட்டை. நீ அளவு கொடுக்க அவள் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய், பள்ளிக்கூட யூனிபாரத்துக்கு நின்ற மாதிரியே.

அந்தச் சட்டை முடியும் தறுவாயில் ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவுவரைக்கும் வந்தாள்.

“என்னங்க, பட்டறையில துண்டு இரும்பு ஏதாவது கெடக்குமா? சின்னதா இருந்தா போதும்.”

“எதுக்கு?”

“தம்பி சட்டைக்குத்தான். மாசக்கணக்கா விடியவே விடியாதாம்லா அங்க. வெறும் ஆளா எப்படி அனுப்பறது?”

“அவன் இரும்பே கூடாதுன்னுதானே உன்னைத் தைக்கச் சொன்னான்?”

“அது மிஷினுக்குங்க. இது புள்ளைக்கு.”

நம் லயத்து வீடுகளில் பொழுது சாய்ந்து கறிக்குழம்பு கொண்டுபோனால் தூக்குச்சட்டி மேல் கரித்துண்டும் ஆணியும் வைக்காமல் யார் போகிறார்கள்? இருட்டில் அலைகிற எதுவும் இரும்புக்குக் கிட்டே வராது என்றுதான் நானும் கேட்டு வளர்ந்தேன். நீ பிறந்து தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று உன் தலைமாட்டில் வைத்தது என்னுடைய ஸ்பேனர். அரை மணி நேரம் கறி கொண்டுபோக ஓர் ஆணி வேண்டும் என்றால், மாதக்கணக்கான இருட்டுக்குள் பிள்ளையை அனுப்ப ஒன்றும் வேண்டாமா? படித்தவர்கள் சிரிக்கட்டும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உடைந்த ரம்பப் பிளேடிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு வெட்டினேன். உன் விலாவில் குத்திவிடக் கூடாது என்று நாலு ஓரத்தையும் கல்லில் பிடித்து மழுங்க வைத்தேன். வழுவழுப்பாகிவிட்டதா என்று என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்குத்தான் போனது. நீ கொஞ்ச நேரம்தான் அந்தக் குடிலுக்குள் இருப்பாய், மிச்ச நேரமெல்லாம் இருட்டில்தானே இருக்கப் போகிறாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். குடிலுக்குள் போகும்போது நீ அந்தச் சட்டையைத்தான் போடுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. இரும்பு இல்லாத சட்டை என்று நம்பித்தானே நீ அதை வாங்கிக்கொண்டு போனாய்.

பிறகு நடந்தது எனக்கும் அவள் வழியாகத்தான் தெரியும். மற்றவர்கள் போய் அளந்தால் எல்லாம் சரியாக வந்தது. நீ போய் அளந்தால் மட்டும் ஒரு பக்கம் விலகியது. உன் கண்ணில் கோளாறு என்று நினைத்தாய், கையில் நடுக்கம் என்று நினைத்தாய், திரும்பத் திரும்பப் போய் அளந்தாய். கடைசியில் இனி நீ அளக்க வேண்டாம், வேறு ஆள் பார்க்கட்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அந்த நாட்களில் வீடியோவில் உன் முகம் வற்றிப் போயிருந்ததை வாசலில் நின்றே நான் பார்த்தேன். அம்மா மாரியம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள். நான் ஆலையில் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். பிறகுதான் அந்த ஆர்னே வந்தார். தலை நரைத்த, உன் மேசைக்கு எதிர்மேசைக்காரர். அவர் உன்னை விடவில்லை. கயிற்றில் ஒரு காந்த முள்ளைத் தொங்கவிட்டு உன்னை அதன் பக்கத்தில் நடக்க வைத்தார். முள் அசைந்தது. சப்பாத்தைக் கழற்றச் சொன்னார், கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், பேனாவை எடுக்கச் சொன்னார். அப்போதும் அசைந்தது. அம்மா தைத்த சட்டையைக் கழற்றியதும் முள் சும்மா இருந்தது. அந்தச் சட்டையை மடிப்பு மடிப்பாக முள்ளுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, இடத்தைக் கண்டுபிடித்து, சின்னக் கத்தரியால் தையலைப் பிரித்து, நான் மழுங்க வைத்த அந்தத் துண்டை வெளியே எடுத்தார்.

உனக்குப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டதாம். எதற்காக வைத்தது என்று ஆர்னேவுக்குச் சொன்னாயாம். அவர் முதலில் சிரிக்கவில்லையாம். “அப்படியானால் இவ்வளவு நாளும் உனக்கு ஒன்றும் ஆகவில்லை அல்லவா?” என்று கேட்டாராம். அதன்பிறகுதான் எல்லாரும் சிரித்தார்களாம். குடிலுக்கு ரொம்பத் தூரத்தில், நீங்கள் தூங்குகிற கட்டடத்து வாசல் நிலையில் அதை அவரே தொங்கவிட்டாராம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம், இது இந்தப் பையனின் அம்மா கொடுத்தது என்று காட்டுகிறாராம். நல்ல மனிதர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நீ கலங்கி நின்றபோது உன் பக்கத்தில் நின்றது அவர். ஒரு கோளாறை எங்கே என்று தேடித் தடவிக் கண்டுபிடிக்கிறதுதான் என்னுடைய பிழைப்பே. என் பிள்ளைக்கு வந்த கோளாறை இன்னொருவர் தேடிக் கண்டுபிடித்தார்.

அன்றைக்கு நீ அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாய். அவள் தோசைக்கல்லை மறந்துவிட்டாள். “ஐயா, ஒன் வேலைக்கே நான் ஒலை வெச்சிட்டேனே” என்று அழுதாள். நீ அங்கே சிரித்துக்கொண்டே, “இல்லம்மா, அழாதம்மா, இங்க எல்லாரும் ஒன்னைப் பத்திதான் பேசறாங்க” என்றாய். கொஞ்ச நேரத்தில் நீ அழுதாய், அவள் சிரித்தாள். இப்படியே போனது. அவ்வளவு நீளமாக நீ யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். இப்போது சொல்லுவாள், இதோ சொல்லப் போகிறாள், இரும்பு கொடுத்தது உங்க அப்பாதான்யா என்று. சொல்லவே இல்லை. கருகிய தோசையை என் தட்டில் போட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “பாவம், உங்களை எதுக்கு மாட்டி விடறதுன்னு பார்த்தேன்” என்றாள். அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாளாம். என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் கேட்டார்கள்? தப்புச் செய்தவளுக்கு அத்தனை நேரம் பேச்சு, சிரிப்பு, அழுகை. தப்பில் பாதிப் பங்கு என்னுடையது. அதில் எனக்கு ஒரு துளியாவது வந்திருக்க வேண்டாமா?

அப்புறம் வந்தது இந்த அழைப்பு. இருட்டுக்காலம் தொடங்குவதற்கு முன்னால் அங்கே வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வரலாம், அறையில் ஒரு கட்டில்தான் அதிகப்படி என்று சொன்னாய். சொல்லி மூச்சு விடுவதற்குள், “அம்மா, நீ வர்றியாம்மா? ஆர்னே ஒன்னைப் பார்க்கணுங்கறார்” என்றாய். நான் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஏற்கனவே பளபளவென்று இருந்த சப்பாத்துதான். அதற்குப் பிறகு இந்த மலையில் எனக்குத் தலை காட்ட முடியவில்லை. கோயிலில், கொழுந்து நிறுக்கும் தராசில், கடையில், எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. தானா ராத்தாவில் நான் டீ குடிக்கும் பாய் கடையில் போன வாரம் கேட்டார், “என்னாண்ணே, அக்கா மட்டும்தான் போறாங்களா? நீங்க போகலையா?” “நமக்கு எதுக்கு பாய்? குளிருதானே, இங்கயே இருக்குலா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அம்மாவுக்குக் கண் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். நேற்று பெட்டி அடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், “வேணும்னா நீங்க போங்களேன். எனக்கு அந்தக் குளிரு ஒத்துக்காது.”

“அவன் ஒன்னைத்தான் கூப்பிட்டான்.”

“அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறது.”

“கேட்டு வாங்கறதா இதெல்லாம்?”

“ஒங்களுக்குப் பேசவும் தெரியாது, பேசாம இருக்கவும் தெரியாது” என்று பனியனை மடித்து உள்ளே வைத்தாள். அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளும். விடிகாலை மூடுபனியில் இத்தனை வருஷம் கொழுந்து எடுத்தவள். எனக்காகத்தான் சொன்னாள். அவள் விட்டுக்கொடுத்து நான் வந்து நின்றால், விமானத்தை விட்டு இறங்கும்போது உன் கண் என் தோளுக்குப் பின்னால் அவளைத் தேடும். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் வரவேண்டுமா? எனக்கு வேண்டாம்.

அப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் சொல்கிறேன். ஒரு கணக்குத் தப்பினால் உடனே உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே. இயந்திரம் முனகினால் பிட்டரைத் திட்டுகிற மானேஜர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நீ உனக்கே அப்படியொரு மானேஜராக இருக்காதே. ஆர்னே சொல்வதைக் கேள், நல்லது சொல்வார் போலிருக்கிறது. ஆனால் எதற்கெடுத்தாலும் அவரிடம் போய் நிற்காதே. கல்யாணம் என்று ஒரு பெண்ணை மனதில் வைத்தால் முதலில் என்னிடம் சொல், ஒரு நாளைக்காவது அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கட்டும். வானத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் வந்தால் படம் எடுத்து அனுப்பாதே, படத்தில் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த விஷயத்தில் உன்னைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். குளிரவில்லை என்பாள், நம்பாதே, அவள் கை விரலைத் தொட்டுப் பார். வலது முட்டி வலித்தால் சொல்ல மாட்டாள், திடீரென்று செடியையோ கல்லையோ ரசிக்க ஆரம்பிப்பாள், அப்போது நீயும் நின்றுவிடு. நீ சாப்பிடாமல் அவள் சாப்பிட மாட்டாள், அதனால் நேரத்துக்குச் சாப்பிடு. குடிலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவள் தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கைக் கழற்றச் சொல், அது இரும்பு. அவளுக்கு நினைவிருக்காது. இன்னொரு கூத்து ஆகிவிடப் போகிறது. அப்படி ஆனால் அதற்கும் அவளைத்தான் கொண்டாடுவீர்கள்.

இந்தக் கடிதத்தை ஒட்டாமல்தான் அவள் பெட்டியில் வைக்கப் போகிறேன். வழியில் எடுத்துப் படித்தால் படிக்கட்டும், அவளுக்குத் தெரியாத எதையும் நான் எழுதிவிடவில்லை. உன் கைக்கு இது வரும்போது அவள் உன் கட்டிலில் உட்கார்ந்து உன் துணிகளை மடித்துக்கொண்டிருப்பாள். செல்வி வீட்டைப் பற்றி, கோயில் கூட்டத்தைப் பற்றி, என்னைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்டுக்கொள். இரும்பு கொடுத்தது யார் என்று ஆர்னேவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, இனி அவர் ஊருக்குச் சரியாகச் சொல்லட்டும்.

அம்மா எங்கே, அம்மா சாப்பிட்டாளா, அம்மாவிடம் கொடுங்கள் என்று இனி சில நாளைக்கு நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவள் உன் பக்கத்திலேயே இருக்கிறாள். இங்கே போனை எடுக்க நான் ஒருவன்தான். இந்த நாட்களில் இந்த வீட்டுக்கு உன்னிடமிருந்து ஒரு போன் வந்தால், அது வேறு யாருக்காகவும் இருக்க முடியாது.

போன் அடி தம்பி. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அப்பா